பதினோராவது மரம்

படத்தில் இடப்பக்கம் பதினொன்று,
வலப்பக்கம் பத்து.
மூன்று முறை எண்ணினேன்.
ஸ்வதாவா பூதக்கண்ணாடி வைத்து எண்ணினாள்.
கூம்பு கூம்பாய்க் கத்தரித்த யூ மரங்கள்,
ஆட்டம் முடிந்தும் யாரும் எடுத்து வைக்காத
சதுரங்கக் காய்கள் மாதிரி.

மொராவியாவில், லிபோஹ்ரத் மாளிகையில்,
இருநூற்று நாற்பது வருடத்துக்கு முன்
மட்டௌஷ் ஹ்ரூபெஷ் என்ற கூலி ஓவியன்
(பிரபுவின் கணக்கேட்டில் அவன் பெயருக்கு நேரே
இரண்டு வாத்து, ஒரு மூட்டை மாவு,
மீதி பிறகு)
தீட்டிய இந்தத் துணி ஒன்றுதான்
எங்களிடம் மிச்சம்.

தோட்டம் போய்விட்டது.
கூட்டுப்பண்ணைக் காலத்தில் அங்கே பீட்ரூட் போட்டார்கள்.
பிறகு டிராக்டர்களை நிறுத்தினார்கள்.
பிறகு யாரும் எதுவும் போடவில்லை,
காஞ்சொறி தானாக வந்தது.

இப்போது பணம் வந்திருக்கிறது.
பழையபடியே வேண்டுமாம்.
பழையபடி என்றால் எப்படி என்று கேட்டால்
படத்தைக் காட்டுகிறார்கள்.

நடுவில் நூல் பிடித்து இழுத்த பாதை.
இரண்டு பக்கமும் முழங்கால் உயர வேலிச்செடி
சுருண்டு சுருண்டு,
எதையோ எழுத வந்து மறந்துவிட்டதுபோல்.
நீரூற்றில் நீர் மேலே போகிறது.
கீழே வருவதை வரைய அவனுக்கு நேரமில்லை.
குடையோடு ஒரு பெண், முகம் ஒரே ஒரு புள்ளி.

அதற்கு அப்பால் காடு.
அங்கே வந்ததும் தூரிகை கை மாறிவிடுகிறது.
பச்சை ஒன்றின் மேல் ஒன்று ஈரத்தோடு ஏறி,
இருட்டுக்குள் இருட்டு,
ஓரிடத்தில் விரலாலேயே தேய்த்திருக்கிறான்.
தோட்டத்தைக் கூலிக்கு வரைந்தவன்
காட்டை யாருக்காக வரைந்தான், தெரியவில்லை.

ஏப்ரலில் தோண்டினோம்.
வேர் அழுகிய இடம் மண்ணில் கறுப்பு வட்டமாய் நிற்கும்.
வலப்பக்கம் பத்து வட்டம்.
இடப்பக்கம் பத்து வட்டம்.
பதினொன்றாவது இருக்கவேண்டிய இடத்தில்
மண்வெட்டி எகிறியது:
மஞ்சள் களிமண்,
எவனும் எந்தக் காலத்திலும் தொடாதது.

குழு கூடியது. காபி ஆறியது.
முனைவர் வ்ராட்டிஸ்லாவ் சொன்னார்,
படம்தான் ஆவணம், மண் தவறலாம் என்று.
ஸ்வதாவா வாய்விட்டுச் சிரித்தாள்.
அவள் ஒருத்தி மட்டும்.
நான்குக்கு மூன்று, மரம் ஜெயித்தது.

மறுநாள் மாலை
அவன் நின்று வரைந்த இடத்தைத் தேடிப் போனேன்.
பனிக்கட்டி சேமித்த பழைய நிலவறை மேட்டின் மேல்
ஒரு கண்ணை மூடிக்கொண்டு,
கட்டைவிரலை நீட்டிக்கொண்டு,
அரையடி வலது, ஓரடி இடது என்று நகர்ந்து
கோடுகள் எல்லாம் சரியாக விழுந்தபோது
வராத அந்த மரத்தின் இடைவெளி வழியே
எதிர்ச் சரிவில் வாய் பிளந்து தெரிந்தது
சுண்ணாம்புக் காளவாய்.

இன்றும் இருக்கிறது.
புகைபோக்கியில் ஒரு பிர்ச் கன்று முளைத்திருக்கிறது.
மாளிகையைப் பூசிய சுண்ணாம்பு முழுக்க
அங்கே வெந்ததுதான்.
வேகவைத்தவர்கள் பெயர் கணக்கேட்டில் இல்லை.
அவர்களுக்கு வாத்தும் இல்லை.

ஸ்வதாவாவிடம் சொன்னேன்.
பேசாமல் பஞ்சை எச்சிலில் நனைத்தாள்
(அவள் தொழிலில் அதைவிட நல்ல மருந்து கிடையாதாம்),
பதினோராவது மரத்தின் உச்சிக்குச் சற்று மேலே
மஞ்சளித்த வார்னிஷை வட்டம் வட்டமாய் எடுத்தாள்.
நாங்கள் மேகம் என்று நினைத்திருந்த சாம்பல் தீற்றல்
மேகத்தைப் போல மிதக்கவில்லை.
கீழிருந்து வந்தது.
காற்று அன்று மேற்கிலிருந்து.

காளவாயை மறைக்கச் சொன்னார்கள், மறைத்துவிட்டான்.
புகையைப் பற்றி
யாரும் எதுவும் சொல்லவில்லை போலிருக்கிறது.

நவம்பரில் கன்று வந்தது,
வேரில் சாக்குக் கட்டி, கழுத்தில் விலைச்சீட்டோடு.
களிமண்ணை உடைக்க இயந்திரம் வேண்டியிருந்தது.
யூ மெதுவாக வளரும், வருடம் ஒரு சாண்.
காளவாயை எட்டி மறைக்க
முப்பது வருடம் ஆகும் என்று
முனைவர் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

கத்தரிப்பது என் வேலை.
அந்த ஒன்றை மட்டும்
கொஞ்சம் கூடுதலாகவே கத்தரிக்கிறேன்.